ஒரு தீப்பெட்டியும் ஒரு முழம் நூலும்

நேத்து விடியகாலைல இருந்தே திருத்தணியில விடாத மழை. ஸ்கூல் லீவு, கரண்ட்டும் இல்ல. மலையே மேகத்துல மறைஞ்சு போச்சு. பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு அஞ்சு. காகிதக் கப்பல் விட்டு, முழுகி, சண்டை போட்டு, அழுது முடிச்சப்போ மணி பத்துதான் ஆச்சு :-)

அம்மா ஒரு சட்டி நிறைய வேர்க்கடலை அவிச்சுக் கொண்டுவந்தாங்க. "ஒகட்டி, ரெண்டு, மூடு"ன்னு எண்ணிப் பங்கு போட்டாங்க.

"ஆயா, ஏன் தெலுங்குல எண்ற?"

"நான் ஒண்ணாங்கிளாஸ் படிச்சது ஆந்திராவுலடி."

"எந்த ஊர்ல?"

"இதே ஊர்லதான்."

பெரியவ என்னைப் பார்த்தா. சரி, மழைக்கு ஒரு விளையாட்டு கிடைச்சுதுன்னு தரையில சாக்பீஸால மேப் போட்டேன். தீப்பெட்டிதான் எங்க வீடு, அதைத் தொடக்கூடாது. நூல்தான் எல்லை, அதைப் பசங்க நகர்த்தலாம்.

அம்மா பொறந்தது 1951. அப்போ திருத்தணி சென்னை மாநிலத்துல, சித்தூர் மாவட்டத்துல இருந்தது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர்ல இறந்த பிறகு, 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் உருவாச்சு. சித்தூர் மாவட்டம் அப்படியே அங்க போயிடுச்சு. நூல் தீப்பெட்டிக்குக் கீழே இறங்கியது. 1956-ல் அதுவே ஆந்திரப் பிரதேசம் ஆச்சு.

தமிழ் பேசுற ஊர்களும் சேர்ந்து போனதை இங்க இருந்தவங்க ஏத்துக்கல. ஊர் ஊராப் போய் தமிழ் சொல்லிக்கொடுத்த மங்கலங்கிழாரும், தமிழரசுக் கழகத்தை நடத்திய ம.பொ.சி.யும் போராடினாங்க. ம.பொ.சி. திருப்பதியையும் கேட்டார், அது கிடைக்கல. கடைசியில படாஸ்கர் சிபாரிசுப்படி 1959-ல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்கு சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்குப் போச்சு.

சின்னவன் நூலை மேலே இழுத்துட்டு கை தட்டினான். அம்மா மட்டும் சத்தியவேட்டு மேல ஒரு கடலையை வச்சு, "இது எங்க அக்கா"ன்னாங்க.

பெரியம்மா 1958-ல் கல்யாணம் ஆகி சத்தியவேடு போனவங்க. அப்போ அம்மா ஆந்திரா, அக்கா சென்னை மாநிலம். ரெண்டே வருஷத்துல அம்மா சென்னை மாநிலம், அக்கா ஆந்திரா. ரெண்டு பேரும் வீடு மாறல, நூல்தான் மாறிச்சு! பெரியம்மா பசங்க தெலுங்குல படிச்சாங்க, நான் தமிழ்ல படிச்சேன்.

அப்புறமும் விலாசம் மாறிக்கிட்டேதான் இருந்தது. 1969-ல் தமிழ்நாடுன்னு பேர் வந்தது. 1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரிச்சு திருவள்ளூர் மாவட்டம் ஆக்கினாங்க. மொத்தம் ஆறு விலாசம். அம்மா தாய்மாமனையே கட்டிக்கிட்டதால பொறந்த வீட்டை விட்டு எங்கயும் போகல. அந்தப் பக்கமும் இதே கதைதான். 2022-ல் சத்தியவேடு திருப்பதி மாவட்டத்துல சேர்ந்தது.

திருத்தணி வந்ததுல எனக்கு சந்தோஷம்தாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பெரியம்மா பேரன் தெலுங்குல அனுப்புற மெசேஜை இந்த வீட்ல அம்மாவால மட்டும்தான் படிக்க முடியும். சின்ன வயசுல படிச்ச அந்த எழுத்து இன்னும் மறக்கல. என்கிட்ட வரும்போது அது வெறும் வட்டம் வட்டமா தெரியுது. அம்மாவுக்குப் பிறகு யார் படிப்பாங்கன்னு நேத்துதான் முதல்முறையா தோணுச்சு.

மழை நிக்கல. பெரியவ சாக்பீஸை அம்மா கையில கொடுத்து, "ஆயா, என் பேரைத் தெலுங்குல எழுது"ன்னா. எழுதினாங்க. அதைப் பார்த்து அவளும் எழுதினா. அடுத்து சின்னவன். மூணாவதா நானும் உக்காந்துட்டேன்.

சாயந்தரம் வரைக்கும் அந்தத் தரையை யாரும் துடைக்கல.