கொச்சைச் சொல்லுக்கும் இலக்கணம் உண்டு

வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்ற எம்மவர் முதலிற் கற்கும் அரபுச் சொற்களுள் ஒன்று "மாஃபி". "இல்லை" என்பது அதன் பொருள். துபாயிலும் குவைத்திலும் தமிழரும் மலையாளிகளும் வங்காளியரும் "தெரியாது" என்பதற்கு "மாஃபி மாலூம்" என்பர். அராபியர் தமக்குள் "மா அத்ரி" என்பர். ஆதலால் தொழிலாளர் பேச்சை இலக்கணமற்ற கொச்சை என எள்ளுவோர் உளர். அவர் கூற்று ஏற்கத்தக்கதா?

1990ஆம் ஆண்டில் ஜே. ஆர். சுமார்ட் என்னும் ஆய்வாளர் இப்பேச்சைப் பற்றிய முதல் ஆய்வுரையை வெளியிட்டார். அரபு வினைச்சொற்கள் ஆண், பெண், ஒருமை, பன்மைக்கேற்ப வடிவம் மாறுவன. தொழிலாளர் பேச்சிலோ பெரும்பாலும் ஒரே வடிவம் எல்லோர்க்கும் பொதுவாகும். எதிர்மறைக்கு "மாஃபி" முன்வரும். ஒழுங்கு உள்ள இடத்தில் இலக்கணமும் உண்டன்றோ!

எமது முன்னோர் இதனை அறிந்திருந்தனர். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், சிதைந்து வழங்கும் சொல்லை "மரூஉ" என ஏற்றார். தஞ்சாவூர் "தஞ்சை" ஆனது அவ்வாறே. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைக் "குழூஉக்குறி" என வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பதை உரைகாரர் எடுத்துக்காட்டுவர்.

ஆங்கிலத்தின் வரலாறும் இதுவே. இலத்தீன் தொடரொன்றின் குறுக்கமாகிய "மொப்" என்னும் சொல்லை 1710இல் எழுத்தாளர் ஜொனதன் சுவிஃப்ட் இகழ்ந்தார். கலகக் கும்பலைக் குறிக்கும் அச்சொல்லை இன்று பத்திரிகைகள் தயக்கமின்றி எழுதுகின்றன.

அரபு மொழியின் பேரிலக்கணத்தை 8ஆம் நூற்றாண்டில் வளைகுடாவின் தலைப்பிலுள்ள பஸ்ராவில் வகுத்த சீபவைகியும் அராபியர் அல்லர், பாரசீகர். பிறமொழியாளராகிய அவர் மக்கள் நாவில் வழங்கிய பேச்சையும் சான்றாகக் கொண்டே விதி கண்டார்.

எனினும் இலக்கணம் வேறு, இடப்பொருத்தம் வேறு. வளைகுடாவில் வேலை ஒப்பந்தமும் நீதிமன்ற மனுவும் பெரும்பாலும் எழுத்து அரபியிலேயே அமைவன. சம்பளம் மறுக்கப்பட்ட தொழிலாளிக்கு "மாஃபி மாலூம்" துணை நில்லாது. கடைத்தெருவிற் சோறு தந்த மொழி, மன்றத்தில் உரிமை பெற்றுத் தருவதில்லை.

புகலிட நாடுகளில் வளரும் எம் பிள்ளைகள் தெருவிற் கற்ற சொல்லை வீட்டிற் கூறும்போது, "பிழை" என வாயை அடைத்தல் தகாது. "இச்சொல் நண்பரிடம் ஆகும், பரீட்சைத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் ஆகாது" என விளக்குதலே முறை. இரண்டு வழக்கும் அறிந்த பிள்ளை எவ்விடத்தும் தலைகுனியாது.