எய்த அம்பைச் செலுத்துவது எது?

வில்லினின்றும் விடுபட்ட அம்பு, நாணின் தொடர்பு அற்ற பின்னரும் பறந்து செல்கிறது. அப்போது அதனைச் செலுத்துவது எது? இன்று பள்ளி மாணவன் ஒரே வரியில் விடை கூறிவிடும் இவ்வினா, அறிஞர் பெருமக்களை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் அலைக்கழித்ததாகும். பாடநூல்களோ பெரும்பாலும் கிரேக்கத்து அரிஸ்டாட்டிலைக் கூறியவுடன் இத்தாலியின் கலிலியோவிடம் தாவி விடுகின்றன. இடைப்பட்ட நெடுங்காலத்தில் சிந்திப்பார் எவரும் இலரோ? சற்று ஆராய்வோம்.

இயங்கும் பொருள், தன்னை இயக்கும் ஒன்றனைக் கணந்தோறும் வேண்டி நிற்கும் என்பது அரிஸ்டாட்டிலின் (கி.மு. 384–322) கொள்கை. எனவே, நாண் விட்ட அம்பைக் காற்றே தள்ளிச் செல்கிறது என்றார் அவர். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஜான் பிலோபோனஸ் இதனை மறுத்தார். காற்றே தள்ளுமாயின் வில் எதற்கு, நாண் எதற்கு என்பது அவர் வாதம். எய்பவன் அம்பில் ஓர் ஆற்றலைப் பதிக்கிறான். அது செல்லச் செல்லத் தானே தீர்ந்துவிடுகிறது என்றார்.

இங்கேதான் இப்னு ஸீனா (980–1037) வருகின்றார். மருத்துவ மேதையென நாம் போற்றும் அப்பெரியார், ‘கிதாபுஷ் ஷிஃபா’ என்னும் தம் பெருநூலில் இயக்கத்தையும் ஆராய்ந்தார். எறியப்பட்ட பொருள் பெறும் நாட்டத்தை ‘மய்ல்’ என்றார். அது தானாகத் தீர்வதில்லை; காற்று முதலிய தடைகளே அதனைத் தேய்க்கின்றன; தடையேதுமற்ற வெற்றிடத்தில் எறிந்த பொருள் ஓயாது சென்றுகொண்டே இருக்கும் என்றார். ஆனால் அவர் கொண்ட முடிவு யாது? அத்தகைய ஓயாத இயக்கத்தை எங்கும் காண்கிலோம். ஆதலின் வெற்றிடமே இல்லை என்பதாம்! 1977இல் ஏவப்பெற்ற முதலாம் வாயேஜர் விண்கலம், உந்துவார் எவருமின்றி நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் செல்வதை அறிந்த நமக்கு, அவருடைய வாதத்தின் முற்பகுதி எத்துணை நுண்மையானது என்பது விளங்கும்.

ஸ்பெயினின் சரகோசாவில் தோன்றிய இப்னு பாஜ்ஜா மற்றொரு முடிச்சை அவிழ்க்க முயன்றார். தடை குறையக் குறைய வேகம் அதே விகிதத்தில் பெருகும். தடையே இல்லையெனில் வேகம் எல்லையற்றதாகிவிடும் என்பது அரிஸ்டாட்டிலின் கணக்கு. அவ்வாறன்று, பொருளுக்கு இயல்பாய் உள்ள வேகத்தில் தடை ஒரு பகுதியைக் கழிக்கிறது, அவ்வளவே என்றார் இப்னு பாஜ்ஜா. வானத்துக் கோள்கள் தடையின்றி இயங்கியும் அளவான வேகத்துடனேயே செல்வதை அவர் சான்று காட்டினார். இக்கருத்தை மறுப்பதற்காக இப்னு ருஷ்து தம் உரையில் எடுத்தெழுதினார். அவ்வுரை 13ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பெற்றபோது, மறுக்கப்பட்ட கருத்தும் உடன் சென்று ஐரோப்பாவில் விவாதப் பொருளாயிற்று. 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அபுல் பரகாத்தோ, விழும் பொருளில் மய்ல் மேன்மேலும் சேர்வதனாலேயே அதன் வேகம் கூடுகிறது என விளக்கினார்.

ஆயின், நியூட்டனின் விதிகளை நம்மவர் முன்னரே கண்டுவிட்டனர் என்று முழங்குதல் தகுமா? தகாது. மய்ல் என்பது பொருளினுள் இருந்து அதனைச் செலுத்தும் காரணம். சீரான இயக்கத்துக்குக் காரணமே வேண்டா, இயக்கம் மாறுவதற்கே விசை வேண்டும் என்பதன்றோ 1687இல் நியூட்டன் நிறுவியது? மேலும், கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி அளந்தார். சமமான காலப் பகுதிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என வளர்வதை 1638இல் வெளியிட்டார். அளந்தறியும் அம்முறையே விடையை உறுதி செய்தது.

மிகைப்படுத்திய பெருமை, உண்மையான பெருமையையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும். முன்னோர் விட்டுச் சென்றது முடிந்த விடையன்று. தம் ஆசானென மதித்த அரிஸ்டாட்டிலையும் வினவத் துணிந்த நெஞ்சமே அது. அந்நெஞ்சத்தை நம் பிள்ளைகளுக்கு அளிப்போமாயின், அதுவே அவர்களுக்கு நாம் செய்யும் நன்றியாகும்.