டிக்கிக்குள் இருக்கும் பெட்டியின் கதை

இப்போது இளைஞர்கள் வைத்திருக்கும் கார் பலவற்றில் டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சப்வூஃபர் என்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு அது, தெருவில் கார் போகும்போது நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கும் சமாச்சாரம், அவ்வளவுதான் தெரியும். வைத்திருப்பவர்களைக் கேட்டாலும் ஸ்பீக்கர் எத்தனை அங்குலம், ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட் என்பதைத்தான் சொல்கிறார்கள். பெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இதன் வரலாற்றைப் படித்தால், இந்த நூறு வருஷமும் கெட்டிக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்காகத்தான், அதற்குள் இருக்கும் காற்றுக்காகத்தான் என்று தெரிகிறது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் படுவது சொல்தான். ஒலிபெருக்கிக்கு பிரெஞ்சில் 'ஓ-பார்லேர்', அதாவது உரக்கப் பேசுபவர். அதன் பெட்டிக்கு 'ஆன்ஸேன்த்'. ஒரு நகரைச் சுற்றிக் கட்டும் மதிலுக்கும் அதே சொல்தான். நம் ஊர் புல்வார்கள் எந்த மதில் இருந்த இடத்தில் வந்தவையோ, அந்த மதிலும் ஆன்ஸேன்த் தான். கர்ப்பிணிப் பெண்ணைச் சொல்வதும் அதே சொல்லால். ஒன்றை உள்ளே வைத்துக் காப்பது என்ற கருத்து மூன்றிலும் இருக்கிறது. ஒலிபெருக்கிப் பெட்டி எதை உள்ளே வைத்துக் காக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1925-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் ஒரு கட்டுரை வாசித்தார்கள். அதுவரை ஒலிபெருக்கி என்றால் பழைய கிராமபோன் போலப் பூ வடிவக் குழாய்தான். இவர்கள் குழாயை எடுத்துவிட்டு, காகிதக் கூம்பின் அடியில் கம்பிச்சுருளை ஒட்டி, அதைக் காந்தத்தின் இடைவெளியில் வைத்தார்கள். மின்சாரம் ஏறி இறங்க, சுருள் முன்னும் பின்னும் அசையும். கூம்பு காற்றைத் தள்ளும். இன்றைக்கு டிக்கியில் இருப்பதும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான். மறு வருஷம் 'ரேடியோலா 104' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. பிரான்ஸில் 'ஓ-பார்லேர்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை ஆரம்பமானதும் அதே 1925-இல்தான்.

அந்தக் கூம்பைப் பெட்டி இல்லாமல் மேஜைமேல் வைத்து மிருதங்கம் கேட்டால் வலந்தலை கேட்கும்; தொப்பி காணாமல் போகும். காரணம் இதுதான். கூம்பு முன்னால் காற்றை அழுத்தும் அதே நொடியில் பின்னால் காற்று தளர்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. உச்ச ஒலிகளின் அலை குட்டையானது. ஒரே திசையில் போய்விடும், தப்பித்துக்கொள்ளும். ஆனால் நொடிக்கு 40 அதிர்வு உள்ள கீழ் ஒலியின் அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். எட்டங்குலக் கூம்பு அதற்கு ஒரு தடையே இல்லை. ஆகவே பின்பக்க அலையைச் சிறையில் வைக்க வேண்டும், அல்லது திருத்தி வெளியே விட வேண்டும். பெட்டியின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு வழிகளின் வரலாறுதான்.

திருத்தி விடுகிற வழியை முதலில் ஒழுங்காகக் கண்டவர் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ். 1930-இல் விண்ணப்பித்து 1932-இல் காப்புரிமை பெற்றார். பெட்டியில் ஒரு துளை, அல்லது குழாய். பெட்டிக்குள் இருக்கும் காற்று வில்போல, குழாய்க்குள் இருக்கும் காற்று எடைபோல வேலை செய்யும். காலிப் பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருகிறதே, அதே தத்துவம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை ஆராய்ந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே நம் கடக் கலைஞர்கள் பானையின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் கும்கி வாசித்தார்கள். பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் அகலமும் சேர்ந்து ஒரு சுருதியைத் தீர்மானிக்கின்றன. அந்தச் சுருதிக்கு அருகே பின்பக்க அலை திரும்பி முன்பக்க அலைக்கு உதவியாக வெளியே வருகிறது.

சிறையில் வைக்கிற வழியில் பெரிய திருப்பம் 1954. அதுவரை நல்ல கீழ் ஒலி வேண்டுமென்றால் பெட்டி பீரோ அளவு இருக்க வேண்டும். எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்க ஆசிரியர் வேறு மாதிரி யோசித்தார். கூம்பைப் பிடித்து வைத்திருக்கும் விளிம்பு விறைப்பாக இருப்பதால்தான் ஒலி சிதைகிறது. விளிம்பைத் தொளதொளவென்று விட்டு, காற்றுப்புகாமல் மூடிய சிறிய பெட்டியின் காற்றையே வில்லாகப் பயன்படுத்தினால் என்ன என்றார். எஃகு வில்லைவிடக் காற்று ஒழுங்கான வில். தன் மாணவர் ஹென்றி க்ளாஸுடன் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் கம்பெனி தொடங்கினார். அலமாரித் தட்டில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆர்கனின் அடித்தளச் சுரம் வந்தது. பெட்டி சிறியதாகலாம் என்று அன்று தெரிந்திராவிட்டால், காரின் டிக்கிக்குள் அது நுழைந்திருக்காது.

மூன்றாமவர் கதை, கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு ரொம்பப் பிடித்தது. நெவில் தீல் ஆஸ்திரேலியப் பொறியாளர். துளை வைத்த பெட்டியை எல்லாரும் அந்தக் காலத்தில் குத்துமதிப்பாகச் செய்து, கேட்டுப் பார்த்து, மறுபடி அறுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தீல் அதை ஒரு மின்சுற்றாகப் பாவித்துக் கணக்காக்கினார். ஸ்பீக்கரைப் பற்றிச் சில எண்கள் தெரிந்தால் போதும்: அது தானாக எந்தச் சுருதியில் அதிர்கிறது, அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது, அதன் விளிம்பின் விறைப்பு எத்தனை லிட்டர் காற்றுக்குச் சமம். பிறகு எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்பது கூட்டல் பெருக்கல். 28 வகை அமைப்புகளுக்கு அட்டவணையே போட்டுக் கொடுத்தார்.

இது வெளியானது 1961-இல், ஆஸ்திரேலியாவின் ஒரு பொறியாளர் சங்க இதழில். வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. பத்து வருஷம் தூங்கிற்று. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் ஸ்மால் என்ற அமெரிக்கர் அதன் அருமை அறிந்து மேலே கொண்டுபோனார். 1971-இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் சங்க இதழ் அதை மறுபிரசுரம் செய்தது. 1972, 73-இல் ஸ்மால் தம் கட்டுரைகளால் மூடிய பெட்டிக்கும் சேர்த்துக் கணக்கை நிறைவு செய்தார். இன்று எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் கூட வரும் தாளில் 'தீல்-ஸ்மால்' எண்கள் அச்சாகியிருக்கின்றன. மேஜையில் கட்டிவைத்த நல்ல குறிப்பு ஒன்று, அதைப் பிரித்துப் படிக்க ஒருவர் வரும்வரை காத்திருப்பதை நானும் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். எல்லாக் கட்டுக்கும் ஒரு ஸ்மால் வாய்ப்பதில்லை.

காருக்கு வருவோம். 1930-இல் பால் கால்வின் கம்பெனி கார் ரேடியோவை 'மோட்டரோலா' என்று பெயரிட்டு விற்றது; ஐரோப்பாவில் 1932-இல் ப்ளௌபுங்க்ட் வந்தது. நம் ஊரில் ரேடியோவுக்குத் தபாலாபீஸில் உரிமம் கட்டிய காலத்தில், அம்பாசடரில் ரேடியோ வைத்தவர் பெரிய மனிதர். அதில் முன்பலகைக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர். செய்தி கேட்கலாம், தவில் கேட்க முடியாது. பிறகு கேசட் வந்தது, ஸ்டீரியோ வந்தது. 1974-இல் 'எர்த்க்வேக்' என்ற ஹாலிவுட் படத்துக்காகத் தியேட்டர்களில் ராட்சதப் பெட்டிகளை வைத்து நாற்காலியையே நடுங்கவைத்தார்கள். அடித்தள ஒலியைக் காது மட்டுமல்ல, உடம்பும் கேட்கும் என்று ஜனங்களுக்கு ருசி தெரிந்துவிட்டது.

காருக்கு ஒரு விசேஷம் உண்டு. கண்ணாடி ஏற்றிய காரே ஒரு பெட்டிதான். சுமார் மூன்று மீட்டர் நீளமுள்ள அந்தக் கூண்டுக்குள், ஏறக்குறைய 60 அதிர்வுக்குக் கீழே உள்ள ஒலி அலையாக ஓட இடமில்லாமல் காற்றையே மொத்தமாக அழுத்தித் தளர்த்துகிறது. வீட்டு ஹாலில் கேட்காத கீழ் ஒலி காரில் தானாகக் கூடிவிடும். ஆகவே காருக்கு மூடிய சிறிய பெட்டியே பெரும்பாலும் போதும். குழாய் வைத்த பெட்டி அதிகச் சத்தம் தரும். ஆனால் அதன் சுருதிக்குக் கீழே போனால் கூம்புக்குப் பிடிமானம் இல்லாமல் ஆடும்.

தச்சரிடம் போகும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது இதுதான். வெளி அளவு 40, 35, 25 சென்டிமீட்டர் என்று பெட்டி செய்தால் 35 லிட்டர் என்று நினைப்பார்கள். 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் செய்தால் உள் அளவு 36.4, 31.4, 21.4 ஆகிவிடும், பெருக்கினால் சுமார் 24 லிட்டர். பலகையே பத்து லிட்டரைத் தின்றுவிட்டது. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் காந்தத்துக்கு இன்னும் ஒன்று, ஒன்றரை லிட்டர் கழிக்க வேண்டும். தாளில் உள்ள எண்ணைப் பார்த்து உள் அளவிலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும். மூட்டுகளில் பசையும் சிலிக்கானும் ஊசி நுழையாதபடி இருக்க வேண்டும். மூடிய பெட்டியில் ஒரு சின்னக் கசிவும் சீறும். பலகை தானே அதிரக் கூடாது, அதற்காகத்தான் அந்தக் கனமும் உள்ளே குறுக்குக் கட்டையும். இவற்றைச் சரியாகச் செய்தவனுக்குக் குறைந்த வாட் போதும். கணக்குத் தவறிய பெட்டிக்கு எத்தனை வாட் ஏற்றினாலும் அது உறுமும், பாடாது.

வாட் ஏறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு வில்ச்சரின் பிற்பாதி வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். 1967-இல் கம்பெனியை விற்றுவிட்டு அவர் காது கேளாதவர்களுக்கான கருவி பற்றி ஆராயப் போனார். பழைய கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் பெருக்கும். பேச்சுப் புரியாது, பாத்திரம் விழுந்தால் மண்டை பிளக்கும். மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும், மேல் ஒலிக்கும் கீழ் ஒலிக்கும் தனித்தனியாகப் பெருக்க வேண்டும் என்று அவர் 1973-இல் எழுதினார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். இன்று என் காதில் இருக்கும் கருவி அந்த வழியில் வந்ததுதான். 2011-இல் 94 வயதில் காலமானார்.

தொழிற்சாலைத் தொழிலாளர்களின் செவியைக் காக்க அமெரிக்காவில் வகுத்திருக்கும் அளவு இது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படியானால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கண்ணாடி ஏற்றிய காருக்குள் அந்த அளவைத் தொடுவது பெரிய காரியம் இல்லை. புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போவதற்குள்ளேயே கால் மணி நேரம் தாண்டிவிடும். பேரப்பிள்ளைகள் பெட்டி செய்துகொள்ளட்டும், அளவெடுத்து நன்றாகவே செய்துகொள்ளட்டும். தவில் தவிலாகக் கேட்டால் நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் காதுக்குள் தேயும் நரம்பு செல்கள் மறுபடி முளைப்பதில்லை என்பதையும், அதன் பிறகு வாங்கும் கருவி ஒரு ஜோடி என்ன விலை என்பதையும் நம்மில் யாராவது அவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும்.