ரிட்ரெஞ்ச்: வேலை போனா அதுக்கு என்ன பேரு?

இன்னிக்கு ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லோட வரலாறு. ‘ரிட்ரெஞ்ச்’. நம்ம ஆபீஸ்ல யாரும் இதைச் சொல்றதில்ல. ‘லே ஆஃப் ஆயிட்டான்’னுதான் சொல்வோம். சட்டத்துல இந்த ரெண்டும் வேற வேற.

‘வெட்டு’ங்கிற அர்த்தமுள்ள பிரெஞ்சுச் சொல்தான் இதுக்கு வேர். மண்ணை வெட்டித் தோண்டுற ‘ட்ரெஞ்ச்’சும் அதே குடும்பம். ஜேன் ஆஸ்டினோட ‘பெர்சுவேஷன்’ நாவல்ல கடன்ல மூழ்கின சர் வால்ட்டர் எலியட் ‘ரிட்ரெஞ்ச்’ பண்ண வேண்டிய நிலைமைக்கு வர்றார். அங்கே வெட்டப்படுவது வீட்டுச் செலவு.

இந்தியாவில் வெட்டப்படுவது ஆள். 1947 தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-ல் ஒரு திருத்தம் வந்தது. ‘லே ஆஃப்’ என்றால் மூலப்பொருளோ மின்சாரமோ இல்லாமல் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. ஆள் வேலையில்தான் இருக்கிறார், பொதுவாக அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் பாதி கிடைக்கும். ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’, தமிழில் ஆட்குறைப்பு, என்றால் வேலையே போச்சு. அதற்கு ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். 100 பேருக்குக் குறையாத தொழிற்சாலைன்னா அரசு அனுமதியும் வேணும்னு அந்தச் சட்டத்துல இருந்தது.

ஆனா அதே வரையறையில் ஒரு விதிவிலக்கு இருக்கு: தானாக விருப்ப ஓய்வு பெற்றால் அது ஆட்குறைப்பு ஆகாது.

இப்போ ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் போன் பிசினஸ் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனப்ப, வரி வழக்கால இந்த ஆலை மட்டும் அதுல சேரல. அதே வருஷம் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டாங்க, பணமும் வாங்கினாங்க. நவம்பர் 1-ல் உற்பத்தி நின்னுது. வேலை போனது உண்மை. ஆனா அப்படிக் கையெழுத்துப் போட்டவங்க யாரும், சட்டக் கணக்குல, ‘ரிட்ரெஞ்ச்’ ஆனவங்க இல்ல.

2020-ல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்பு, அந்த 100-ஐ 300 ஆக்கியது. விருப்ப ஓய்வு விதிவிலக்கு அப்படியே இருக்கு. ஐடி ஊழியர் ‘தொழிலாளி’ங்கிற வரையறைக்குள்ள வருவாரா என்பது தனி எபிசோட். அதுவரைக்கும் ஒண்ணு: ‘நீங்களே ரிசைன் பண்ணிடுங்க’ன்னு ஹெச்ஆர் சொன்னா, அங்கே மாறுறது மரியாதை மட்டுமில்ல, வினைச்சொல்லும்தான். கையெழுத்துக்கு முன்னாடி அந்தச் சொல்லைப் படிங்க.