அச்சமும் அறமும்: ‘விடாது கருப்பு’ தொடரும் பேராத் தோட்டத் தமிழரும்

பேய்க்கதை என்றாலே மூடநம்பிக்கை என ஒதுக்கும் போக்கு நம் ஆய்வுலகில் உண்டு. சன் தொலைக்காட்சியில் 1997ஆம் ஆண்டு தொடங்கிய ‘மர்மதேசம்: விடாது கருப்பு’ அப்போக்கை மீளாய்வு செய்யத் தூண்டுகிறது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய இத்தொடரில், குற்றம் புரிந்தோரைக் குதிரையேறி வரும் கருப்புசாமி தண்டிப்பதாக ஊரார் நம்புகின்றனர். அந்நம்பிக்கையும் உளவியல் விளக்கமும் தொடர் முழுவதும் எதிரெதிரே நிற்கின்றன.

இக்கதைக்களம் பேராத் தமிழர்க்கு அயலானதன்று. தோட்டங்களுக்குப் பெயர்ந்த நம் முன்னோர் முனியாண்டி, மதுரை வீரன், கருப்பர் முதலிய காவல் தெய்வங்களையும் உடன் கொணர்ந்தனர். விடியுமுன் இருளில் பால்மரம் சீவச் சென்றோர்க்கு அத்தெய்வங்களே துணை. துரையிடமும் கங்காணியிடமும் முறையிட்டுப் பயன் காணாதோர்க்கு அச்சன்னிதியே வழக்குமன்றம். தவறிழைத்தவன் தப்பமாட்டான் என்னும் உறுதியே அங்கு அச்சமாக வடிவெடுத்தது.

இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம்விட்டபோது மக்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். சன்னிதிகள் பல கைவிடப்பட்டன. இழந்த அவ்வழக்குமன்றம் திரையில் மீண்டும் கூடுவதே இத்தொடரின் ஈர்ப்பு என்பது எம் கருத்து. வாரம் ஒரு பகுதியாக அது விரிந்த முறையும், லயத்து வாசலில் இரவுதோறும் கதை வளர்ந்த முறையை ஒத்தது.

தொடரை இன்றும் இணையத்தில் காணலாம். தோட்டத்துக் கதைகளோ சொல்வோருடன் மறைகின்றன. தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு, கதை, இடம், சொன்னவர் என முறைப்படி அவற்றைத் தொகுப்பின், ஏடுகளில் இடம்பெறாத தோட்ட வரலாற்றின் ஒரு பகுதி நமக்கு எஞ்சும்.