மனநிலை மருந்து சாப்பிடுகிறீர்கள்... மாதவிடாய் தள்ளிப்போகிறதா?

மருந்து சாப்பிட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகின்றன. மனசு கொஞ்சம் நிதானமாகிவிட்டது. தூக்கம் வருகிறது. வேலைக்கும் ஒழுங்காகப் போகிறீர்கள்.

ஆனால் மாதவிடாய் 2 மாதமாக வரவில்லை. எடை கூடுகிறது. முகத்தில் பரு.

"எல்லாம் அந்த மாத்திரையாலதான், விட்டுடு" என்று வீட்டில் சொல்லலாம். மனநல மருத்துவரிடம் போய் பீரியட்ஸ் பற்றிப் பேசுவதா என்று உங்களுக்கும் தயக்கம் இருக்கலாம்.

மாத்திரை காரணமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதை நீங்களாகவே நிறுத்துவது ஆபத்து.

யாருக்கு இந்த மருந்துகள்?

பைபோலார் எனப்படும் இருமுனை மனநிலைக் கோளாறுக்கு இவை பெரும்பாலும் கொடுக்கப்படுகின்றன. சிலவற்றை வலிப்பு நோய்க்கும் தருவார்கள். 2016இல் நடத்தப்பட்ட சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, இங்குள்ள பெரியவர்களில் 1.6 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் எப்போதாவது இருமுனைக் கோளாறு ஏற்பட்டுள்ளது.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பக்கவிளைவுகளும் அப்படித்தான்.

வால்ப்ரோயேட்

ஹார்மோன் விஷயத்தில் அதிகம் பேசப்படும் மருந்து இதுதான். சில பெண்களுக்கு இது ஆண் ஹார்மோன் அளவைக் கூட்டும். மாதவிடாய் ஒழுங்கு தவறும், எடை கூடும், முகத்தில் முடி வளரும். பிசிஓஎஸ் அறிகுறிகளும் இவையே.

2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வால்ப்ரோயேட் எடுத்த 86 பெண்களில் 9 பேருக்கு மாதவிடாய்க் கோளாறும் ஆண் ஹார்மோன் அதிகரிப்பும் சேர்ந்து வந்தன. லித்தியம் அல்லது வேறு வலிப்பு மருந்து எடுத்த 144 பேரில் 2 பேருக்கு மட்டுமே அப்படி ஆனது.

கர்ப்பத்தின்போது இந்த மருந்தை எடுத்தால், பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படலாம். பத்தில் 3 அல்லது 4 குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல் போன்றவற்றில் பிரச்சினை வரலாம். அதனால் குழந்தை பெறும் எண்ணம் பிற்காலத்தில்தான் என்றாலும், இப்போதே மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

லித்தியம்

இது தைராய்டு சுரப்பியை மந்தமாக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். சோர்வு, எடை கூடுதல், முடி கொட்டுதல், அதிக உதிரப்போக்கு ஆகியவை வரலாம்.

இங்கேதான் குழப்பம். சோர்வாக இருந்தால் "மறுபடியும் டிப்ரஷன் வந்துடுச்சோ" என்று நினைப்போம். உண்மையில் அது தைராய்டாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். பொதுவாக 6 மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். தைராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டு, லித்தியத்தையும் பெரும்பாலும் தொடரலாம்.

மாதவிடாய் வலிக்கு பொன்ஸ்டன், ஐபுப்ரோஃபென் போடும் பழக்கம் இருக்கிறதா? அவை இரத்தத்தில் லித்தியம் அளவை ஆபத்தான நிலைக்கு உயர்த்தலாம். கை நடுக்கம், வாந்தி, குழப்பம் இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும். வலிக்குப் பாரசிட்டமால் போதுமா என்று கேளுங்கள்.

ரிஸ்பெரிடோன்

மனநிலையைச் சீராக்க இதுபோன்ற மருந்துகளையும் சிலருக்குத் தருவார்கள். இது பால் சுரக்க உதவும் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டலாம். மாதவிடாய் நின்றுபோகலாம். கர்ப்பமாக இல்லாதபோதும் மார்பிலிருந்து பால் கசியலாம். பயப்பட வேண்டாம், ஆனால் மறைக்கவும் வேண்டாம். இதற்கு மாற்று மருந்துகள் உண்டு.

கருத்தடை மாத்திரையும் சேர்ந்தால்?

கார்பமாஸெபைன் எடுத்தால் கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். லமோட்ரிஜின் எடுப்பவர்களுக்கு நேர்மாறு. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, உடம்பில் லமோட்ரிஜின் அளவைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடலாம். மகப்பேற்று மருத்துவர், மனநல மருத்துவர் இருவரிடமும் உங்கள் முழு மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மருந்துதான் காரணமா?

இல்லை. இருமுனைக் கோளாறு உள்ள சில பெண்களுக்கு மருந்து தொடங்கும் முன்பே மாதவிடாய் சீராக இருப்பதில்லை. மனஅழுத்தம், எடை மாற்றம், குடும்பத்தில் உள்ள பிசிஓஎஸ் எல்லாமே காரணமாகலாம். கர்ப்பமாகவும் இருக்கலாம். அதனால் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள்.

ஏன் சட்டென்று நிறுத்தக்கூடாது?

நோய் வேகமாகத் திரும்பலாம். குறிப்பாக, லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரும் அபாயமும் கூடுகிறது. வலிப்பு உள்ளவர்கள் வால்ப்ரோயேட்டை நிறுத்தினால் வலிப்பு வரலாம். அளவைக் குறைப்பதோ வேறு மருந்துக்கு மாறுவதோ மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாக நடக்கவேண்டும்.

அடுத்த சந்திப்புக்கு முன்...

- மாதவிடாய் வந்த தேதிகளைக் கைப்பேசியில் குறித்துவையுங்கள். மருந்து தொடங்கிய தேதியையும் எழுதுங்கள்.
- எடை, பரு, முடி மாற்றங்களைக் கவனியுங்கள்.
- "தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை அளவெல்லாம் பார்க்கணுமா?" என்று கேளுங்கள். பிசிஓஎஸ் உள்ள இந்தியப் பெண்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம்.
- "எனக்கு வேறு மருந்து சரிவருமா?" என்றும் கேட்கலாம். அது உங்கள் உரிமை.
- 3 மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். மருந்தகத்தை அழைத்துத் தேதியை முன்கூட்டியே மாற்றிக் கேளுங்கள்.

மனம் மிகவும் சோர்ந்துபோனால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.