ஆனையிறவு உப்பும் ஏ9 வீதியும்: வட மாகாணப் பொருளாதார மீட்சி குறித்த ஒரு விவாதம்

இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய நிலப்பகுதி ஆனையிறவு. அங்கே கடல்நீரைப் பாத்தி கட்டி உப்பு விளைவித்தார்கள். தெற்கே சில கிலோமீற்றரில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி, சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் வேண்டிய காஸ்டிக் சோடாவையும், குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரினையும் அது பிரித்தெடுத்தது. குடாநாட்டின் வடகரையில், அங்குள்ள சுண்ணாம்புக் கல்லையே நம்பி காங்கேசன்துறை சீமெந்து ஆலை இயங்கியது. ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த 1948–53 காலத்துத் திட்டங்கள் இவ்விரு ஆலைகளும். மண்ணில் கிடைத்த பொருள் அந்த மண்ணிலேயே பதப்பட்டது. அந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது.

போர் இந்தச் சங்கிலியை அறுத்தது. 1990இல், சீமெந்து ஆலை அமைந்திருந்த வலிகாமம் வடக்குப் பகுதி மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது ஆலை நின்றது. பரந்தன் தொழிற்சாலையும் போரில் அழிந்தது.

2009இல் போர் முடிந்த பின் அரசு முதலில் கைவைத்தது வீதிகளில். 'வடக்கின் வசந்தம்' என்ற பெயரில் பாலங்களும் மின்கம்பிகளும் காபெற் வீதிகளும் வந்தன. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீளும் ஏ9 வீதி புதுப்பிக்கப்பட்டது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில், இந்தியக் கடனுதவியில் தண்டவாளம் மீள இடப்பட்டு, 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. நிலையத்தில் திரண்ட கூட்டத்துக்கு அது வெறும் ரயில் அன்று; இருபத்து நான்கு ஆண்டுப் பிரிவின் முடிவு. 2019இல் பலாலி விமானத்தளம் சர்வதேச விமான நிலையமானது. 2023இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடியது.

இவ்வளவு கட்டுமானத்துக்குப் பிறகும் தேசிய உற்பத்தியில் வட மாகாணத்தின் பங்கு ஏறத்தாழ 4 சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேலானோர் இங்கே வாழ்ந்தனர். போட்ட முதல் எங்கே போனது என்ற கேள்வியை ஆய்வாளர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: வீதி இரு பக்கமும் ஓடும். விற்பதற்குப் பொருள் இல்லாத ஊருக்கு நல்ல வீதி போட்டால் வெளியூர்ப் பொருளும் வெளியூர்க் கடனும் விரைந்து உள்ளே வரும். உள்ளூர்க் காசு அதே வீதியால் வெளியேறும். ஏ9 திறந்ததும் வடக்கே முதலில் வந்திறங்கியவற்றில் வங்கிக் கிளைகளும் லீசிங் நிறுவனங்களும் நுண்கடன்காரர்களும் உண்டு. முச்சக்கர வண்டியும் உழவு இயந்திரமும் தவணைக்குக் கிடைத்தன. தவணை கட்ட வருமானம் கிடைக்கவில்லை. வாராவாரம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் வசூல்காரருக்கு அஞ்சிப் பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்க வேண்டிவந்தது.

வீட்டுத்திட்டமும் இதே பாடத்தைச் சொல்கிறது. இந்திய அரசின் உதவியில் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் எழுந்தன. பயனாளியே கட்டிக்கொள்ள, வீடொன்றுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். கூடாரத்தில் கிடந்த குடும்பங்களுக்குக் கூரை கிடைத்தது; அதன் அருமையை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. கட்டுமானம் நடந்த ஆண்டுகளில் மேசன்மாருக்கும் தச்சருக்கும் ஓயாத வேலை. ஆனால் பொருள் விலை ஏற, பல வீட்டுக்காரர் நகையை அடகு வைத்துத்தான் கூரை போட்டார்கள். வீடுகள் முடிந்ததும் அந்த வேலையும் முடிந்தது. சீமெந்து வாங்கிய பணம் வெளியே போயிருந்தது. காங்கேசன்துறையில் ஆலை இல்லையே!

அப்படியானால் அந்த ஆலையை அப்படியே திறந்துவிடலாமா? கூடாது. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புப் பாறையில் இறங்கித் தங்குவதால்தான் கிணறுகளில் நன்னீர் ஊறுகிறது. கல்லை அகழ்ந்தால் கடல்நீர் ஏறும் ஆபத்து உண்டு. நீரைத் தின்னும் வேலைவாய்ப்பு விவசாயியின் வயிற்றில் அடிக்கும்.

உப்பும் மீனும் பனையும் வேறு கதை. ஆனையிறவில் 2025 மார்ச்சில் மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் 2017இல் இராணுவத்திடமிருந்து மீண்டு கட்டம் கட்டமாகச் சீராகிறது. ஆனால் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் ஆலையும் குளிரறையும் பதனிடும் கூடமும் எழாவிட்டால், பிடித்த மீன் அன்றே கூலர் லொறியில் கொழும்புக்குப் போய்விடும். இலாபமும் கூடவே போகும். கடலடியைச் சுரண்டும் இழுவைமடியை இலங்கைச் சட்டம் 2017இல் தடைசெய்தது. இராமேசுவரம் பக்கமிருந்து வரும் இழுவைப் படகுகளின் பிரச்சினை தீராமல் வடக்குக் கடற்றொழிலாளரின் வருமானம் நிலைக்காது. தமிழகத்தார் இதை மனம் திறந்து பேசியாக வேண்டும்.

கொள்கையின் வலுவுக்கு வடக்கிலேயே பழைய சாட்சி உண்டு. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் தலைநிமிர்ந்தார்கள். 1977இல் சந்தை திறக்கப்பட்டதும் சரிந்தார்கள். இரு காலத்திலும் வீதி ஒன்றுதான். அதே பத்தாண்டில் கள் இறக்கும் தொழிலாளர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து விடுபட்டார்கள். இலாபத்தை ஊருக்குள் நிறுத்திவைக்க வடக்குக்குக் கைவந்த நிறுவன வடிவம் அது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வந்த ஆடைத் தொழிற்சாலைகளைச் சிலர் மாற்று உதாரணமாகக் காட்டுவர். ஆயிரக்கணக்கான இளம் பெண்களுக்கு அவை சம்பளம் தருகின்றன; போரில் உழைப்பாளியை இழந்த வீடுகளுக்கு அது பெரிய ஊன்றுகோல். ஆயினும் துணியும் வெளியிலிருந்து வருகிறது, தைத்த உடையும் வெளியே போகிறது. சுற்றியுள்ள வயலுக்கும் கடலுக்கும் அதனால் பெருகுவது சொற்பம்.

2025 வரவு செலவுத் திட்டம் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 500 கோடி ரூபாயும், முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்துக்கு 100 கோடியும் ஒதுக்கியது. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களில் முதலீட்டு வலயங்கள் பற்றிய பேச்சும் நடக்கிறது. வலயத்தில் இடம் கேட்டு வருவோரிடம் அரசு மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும்: மூலப்பொருளில் எவ்வளவு இந்த மாகாணத்தில் வாங்குவீர்கள், எத்தனை பேருக்கு நிரந்தர வேலை தருவீர்கள், எவ்வளவு நிலத்தடி நீர் எடுப்பீர்கள்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன; பரந்தன் அங்கிருந்து எட்டிய தூரம். ஆனையிறவு உப்பிலிருந்து மறுபடி இரசாயனம் எடுக்கும் ஆலைக்கான திட்டத்தை அந்தப் பீடங்களும் மாகாணக் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து எழுதி, வலயத்தின் காணி பங்கிடப்படுவதற்கு முன் அரசின் மேசையில் வைக்க வேண்டும்.